எளியதில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் பொது அறிவுக் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்துகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் கேள்விகள் எளிதாகத் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போகவேண்டியிருக்கிறது. கேள்விகளை எழுதிக் கொடுங்கள் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்பதால், அவர்கள் வழக்கமாகக் கேட்கும் சந்தேகங்களையும் சேர்த்து இங்கே தந்திருக்கிறேன்.

இதை எப்படிப் படிப்பது?

கேள்வியை வாசித்ததும் கீழே இருக்கும் பதிலை உள்ளங்கையால் மூடிக்கொள்ளுங்கள். வாய்விட்டு ஒரு பதில் சொல்லுங்கள். தப்பானாலும் சரி, சொல்லிவிட வேண்டும். அப்புறம்தான் கையை எடுக்க வேண்டும். மனசுக்குள்ளேயே "தெரியும்" என்று நினைத்துக்கொண்டு பதிலைப் பார்த்தால், நமக்குத் தெரிந்ததா தெரியாததா என்று கடைசிவரை புரியாது.

எளிது, கடினம் என்று எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?

யாருக்கும் தெரியாத ஒரு பெயரைத் தேடிப்பிடித்துக் கேட்டால் அது கடினமான கேள்வி ஆகிவிடாது. அதற்கு முன்னால் பிள்ளை வாயடைத்து நிற்கும், அவ்வளவுதான். நான் கணக்கில் எடுப்பது, பதிலை அடைய எத்தனை படி ஏற வேண்டும் என்பதை. முதல் சுற்றில் ஒரே படி. கடைசிச் சுற்றில் நான்கைந்து படிகள் இருக்கும். ஆனால் ஒவ்வொரு படியும் பள்ளிப் புத்தகத்தில் படித்ததாகவோ வீட்டில் பார்த்ததாகவோ இருக்க வேண்டும். தெரிந்தவற்றைக் கோத்து, தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்கும்போது பிள்ளையின் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகத்தான் நான் ஞாயிறுதோறும் போகிறேன்.

## முதல் சுற்று: ஒரே படி

தமிழில் மொத்தம் எத்தனை எழுத்துகள்?

247. உயிர் 12, மெய் 18, அவை இரண்டும் பெருகிய உயிர்மெய் 216, ஆய்தம் 1. எண்ணைச் சொல்லிவிட்டால் பாதி மதிப்பெண், கூட்டிக் காட்டினால்தான் முழு மதிப்பெண் என்று ஒரு விதி வைத்திருக்கிறேன்.

தமிழ்நாட்டின் மாநில விலங்கு, பறவை, மலர், மரம் எவை?

வரையாடு, மரகதப்புறா, செங்காந்தள், பனை. "வரை" என்றால் மலை. மலையில் வாழும் ஆடு என்று பெயரிலேயே விடை இருக்கிறது. இது மேற்குத் தொடர்ச்சி மலையில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே வாழ்கிறது.

தேசிய அறிவியல் நாள் எது?

பிப்ரவரி 28. சர் சி. வி. ராமன் 1928-இல் தம் பெயரால் வழங்கும் விளைவைக் கண்டறிந்த நாள். 1930-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். அவருடைய பிறந்தநாள் என்று பலர் சொல்வார்கள், ஆனால் அவர் பிறந்தது நவம்பர் 7.

சூரியக் குடும்பத்தில் மிகப் பெரிய கோள்?

வியாழன்.

## இரண்டாம் சுற்று: தெரியும் என்று நினைக்கும் கேள்விகள்

இந்தச் சுற்றில்தான் பெரியவர்கள் அதிகம் தோற்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் யோசித்துச் சொல்லும் கேள்விக்கு, நாம் கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்கிவிடுகிறோம்.

ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது?

கான்பெரா. சிட்னி என்றுதான் முதலில் வாயில் வரும், கிரிக்கெட் பார்ப்பவர்கள் மெல்போர்ன் என்பார்கள். அந்தக் குழப்பத்தில்தான் கான்பெராவின் பிறப்பே இருக்கிறது. 1901-இல் ஆறு குடியேற்றப் பகுதிகள் ஒரே நாடாக இணைந்தபோது, தலைநகர் எங்களுக்குத்தான் என்று இரண்டு நகரங்களும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குள், ஆனால் சிட்னியிலிருந்து குறைந்தது 100 மைல் தள்ளி, புதிதாக ஒரு நகரம் கட்டுவது என்று சமரசம் செய்துகொண்டார்கள். அதுவரை நாடாளுமன்றம் மெல்போர்னில் கூடியது. 1927-இல்தான் கான்பெராவுக்கு மாறியது.

இந்தக் கதையைச் சொன்ன பிறகு எங்கள் நூலகத்தில் யாரும் சிட்னி என்று சொல்லிக் கேட்டதில்லை. வெறும் பெயரை மனப்பாடம் செய்தவர்கள் மூன்று மாதத்தில் மறந்திருந்தார்கள்.

இந்தியாவின் தேசிய மொழி எது? தேசிய விளையாட்டு எது?

இரண்டுக்கும் ஒரே பதில்: அப்படி ஒன்று அறிவிக்கப்படவில்லை. அரசியலமைப்பின் 343-ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி என்கிறது. எட்டாவது அட்டவணையில் தமிழ் உட்பட 22 மொழிகள் இருக்கின்றன. "தேசிய மொழி" என்ற தகுதி எந்த மொழிக்கும் தரப்படவில்லை. ஹாக்கியும் அப்படித்தான். 2012-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு சிறுமி கேட்டபோது, எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவித்ததில்லை என்று விளையாட்டு அமைச்சகம் பதில் கொடுத்தது. பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் இன்னமும் ஹாக்கி என்றே அச்சாகிக்கொண்டிருக்கிறது.

சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் புதன்தானே மிகவும் சூடான கோள்?

இல்லை, வெள்ளி. புதனின் பகல் சுமார் 430 டிகிரி செல்சியஸ் வரை போகும். ஆனால் அங்கே வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வளிமண்டலம் இல்லை. இரவானால் மைனஸ் 180 டிகிரிக்கு இறங்கிவிடும். வெள்ளியைச் சுற்றி கரியமில வாயு அடர்த்தியாகப் போர்த்தியிருக்கிறது. அதனால் அங்கே இரவும் பகலும் 460 டிகிரிக்கு மேல். வெயிலில் கண்ணாடியை மூடி நிறுத்திய காருக்குள் ஏறிப் பார்த்த யாருக்கும் இது உடனே புரியும்.

இந்தியாவின் தென்கோடி கன்னியாகுமரியா?

நிலப்பரப்பின் தென்கோடி என்று கேட்டால் கன்னியாகுமரி. இந்தியாவின் தென்கோடி என்று கேட்டால், கிரேட் நிக்கோபார் தீவில் இருக்கும் இந்திரா முனை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் அந்த இடத்தில் தரை நான்கு மீட்டருக்கும் மேல் கீழிறங்கிவிட்டது. அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போய்விட்டது. கேள்வியில் ஒரு சொல் இருந்தால் ஒரு விடை, அந்தச் சொல் இல்லாவிட்டால் வேறு விடை. அதனால்தான் கேள்வியை முழுக்கக் கேட்கச் சொல்கிறேன்.

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்புகள்?

ஏழு. நம் கழுத்திலும் ஏழுதான், எலியின் கழுத்திலும் ஏழுதான். ஒட்டகச்சிவிங்கிக்கு ஒவ்வொரு எலும்பும் ஒரு சாண் நீளம் இருக்கும். பாலூட்டிகளில் இந்த ஏழிலிருந்து விலகுபவை கடற்பசுவின் உறவான மானட்டியும் தேவாங்கு போல மெதுவாக நகரும் அமெரிக்க ஸ்லாத்தும் மட்டுமே.

1900-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எத்தனை நாள்?

28. நான்கால் வகுபட்டால் லீப் ஆண்டு என்பது பாதி விதி. நூறால் வகுபடும் ஆண்டு, 400-ஆலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 2000 தேறும், 1900 தேறாது, 2100-உம் தேறாது. பூமி சூரியனைச் சுற்ற எடுப்பது 365.2422 நாள். அதை 365.25 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம் கூடுதலாகிவிடும். அந்தச் சில்லறை நிமிடங்கள் சேர்ந்து சேர்ந்து 1582-க்குள் பத்து நாளாகிவிட்டன. போப் பதின்மூன்றாம் கிரகோரி அந்த ஆண்டு அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று அறிவித்துக் கணக்கை நேர்செய்தார்.

பதில் காலப்போக்கில் மாறிவிட்டால் என்ன செய்வது?

இது எனக்கே நடந்தது. இந்தியாவில் எத்தனை மாநிலங்கள் என்று கேட்டேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து "28" என்றாள். என் கையில் இருந்த அட்டையில் 29 என்று இருந்தது, தவறு என்று சொல்லிவிட்டேன். அவள் உட்காரவில்லை. "சார், ஜம்மு காஷ்மீர் இப்போ மாநிலம் இல்லையே" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. 2014 ஜூன் 2-இல் தெலங்கானா பிறந்தபோது 29 ஆனது. 2019 அக்டோபர் 31-இல் ஜம்மு காஷ்மீர் இரண்டு ஒன்றியப் பகுதிகளாகப் பிரிந்தபோது 28 ஆகிவிட்டது. நான் அட்டையைத் திருத்தாமல் விட்டிருந்தேன். அடுத்த வாரம் எல்லோர் முன்னாலும் அவளுக்கு மதிப்பெண் கொடுத்தேன்.

அன்றிலிருந்து மாறக்கூடிய எந்த விடைக்கும் பக்கத்தில் தேதி எழுதிவைக்கிறேன். ஒன்றியப் பகுதிகள் எட்டு, 2020 ஜனவரி 26 முதல். தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 38, மயிலாடுதுறை பிரிந்த 2020 முதல். கோள்கள் எட்டு, புளூட்டோவை விலக்கிய 2006 முதல்.

## மூன்றாம் சுற்று: கையில் இருப்பதைப் பார்

இந்தச் சுற்றில் புத்தகம் வேண்டாம். சட்டைப் பையிலும் வீட்டு அலமாரியிலும் கிடப்பதே போதும். தினமும் பார்த்துக்கொண்டே பார்க்காமல் விட்ட விஷயங்கள் இவை.

பத்து ரூபாய் நோட்டில் எத்தனை மொழிகள் இருக்கின்றன?

17. இந்தியும் ஆங்கிலமும் பெரிய எழுத்தில். நோட்டின் பின்பக்கம் ஓரமாக ஒரு சின்னப் பட்டியல் இருக்கும், அதில் 15 மொழிகள். நான் ஒரு நோட்டைக் கையில் கொடுத்து, தமிழ் எத்தனையாவது வரி என்று கேட்பேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தேடுவார்கள். கீழிருந்து மூன்றாவது வரி: "பத்து ரூபாய்". தெலுங்கும் உருதும் அதற்குக் கீழே. ஏன் அந்த இடம் என்று கேட்டால்தான் கேள்வி சூடு பிடிக்கும். பட்டியல், மொழிகளின் ஆங்கிலப் பெயர்களின் அகரவரிசையில் இருக்கிறது. அசாமி மேலே, உருது அடியில்.

அப்படியானால் தமிழ் எழுத்து அச்சான நோட்டுகள் எத்தனை நாடுகளில் இருக்கின்றன?

நான்கு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மொரீஷியஸ். முதல் மூன்றையும் யோசித்தே சொல்லிவிடலாம், இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. மொரீஷியஸை யாரும் எதிர்பார்ப்பதில்லை. கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். 1998-இல் புதிய நோட்டுகளில் வழக்கத்தை மாற்றி இந்தியைத் தமிழுக்கு முன்னால் அச்சிட்டபோது, அங்கிருந்த தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டார்கள்.

எந்த ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து இருக்காது?

ஒரு ரூபாய் நோட்டில். அதில் இந்திய அரசின் நிதித்துறைச் செயலாளர் கையெழுத்திடுகிறார். மற்ற நோட்டுகள் ரிசர்வ் வங்கி கொடுக்கும் வாக்குறுதிகள். "இத்தனை ரூபாய் தருவதாக உறுதியளிக்கிறேன்" என்ற வாசகம் அவற்றில் இருக்கும். ஒரு ரூபாய் நோட்டை அரசே நேரடியாக வெளியிடுகிறது, அதனால் அதில் அந்த வாசகமும் இல்லை. கல்யாணத்துக்கு மொய்க்கவர் எழுதும் வீட்டில் ஒரு ரூபாய் நோட்டு கிடைக்கலாம், எடுத்துப் பாருங்கள்.

அஞ்சல் குறியீட்டு எண் தமிழ்நாட்டில் 6-இல் தொடங்குகிறது. ஆனால் புதுச்சேரி என்ற ஒரே ஒன்றியப் பகுதிக்குள் ஒரு ஊரின் எண் 5-இல் தொடங்குகிறது. எந்த ஊர், ஏன்?

ஏனாம். 533464.

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்தது. ஆறு இலக்கத்தில் முதல் இலக்கம் மண்டலம், இரண்டாவது உள்மண்டலம், மூன்றாவது கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் அஞ்சலகம். 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும். 5 என்றால் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம்.

புதுச்சேரி என்பது ஒரே துண்டு நிலம் அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் கடலோரத்தில் அங்கங்கே வைத்திருந்த நான்கு ஊர்கள் சேர்ந்து ஒரு ஒன்றியப் பகுதியானது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக் கரையில், மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்தில் காக்கிநாடாவுக்குப் பக்கத்தில். அரசு ஒன்றாக இருந்தாலும் தபால் பையைச் சுமக்கும் வண்டி பக்கத்து ஊர் வழியாகத்தானே போக வேண்டும்? ஆகவே காரைக்காலுக்கு 609, மாஹேக்கு 673, ஏனாமுக்கு 533. கேள்வியைக் கேட்டுவிட்டு வரைபடத்தை விரித்து வைத்தால் பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். ஒருமுறை எட்டாம் வகுப்புப் பையன் ஏனாமின் மேல் விரலை வைத்து, "இதுக்கு லெட்டர் நம்ம வழியா வராது சார்" என்றான். அவனுக்கு எண் தெரியாது, காரணம் தெரிந்துவிட்டது. முழு மதிப்பெண் கொடுத்தேன்.

ரயில் நிலையப் பெயர்ப் பலகையின் அடியில் இருக்கும் எண் என்ன?

அந்த நிலையம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. அந்த எண்களை அடுத்தடுத்த நிலையங்களில் பார்த்துக்கொண்டே போனால், பாதை ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் 46 கிலோமீட்டர். கிளம்பும்போது 330 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கும் ரயில், சேரும்போது 2,200 மீட்டரைத் தாண்டியிருக்கும். அந்த ஏற்றத்துக்குச் சாதாரணத் தண்டவாளம் போதாது, சக்கரம் வழுக்கும். அதனால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நடுவில் பல் வைத்த மூன்றாவது தண்டவாளம் போட்டு, எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது.

கன்னியாகுமரி வள்ளுவர் சிலை ஏன் 133 அடி?

குறளின் அதிகாரங்கள் 133. இதோடு நிறுத்தினால் இரண்டாம் சுற்றுக் கேள்வி. பீடம் எவ்வளவு, சிலை எவ்வளவு என்று கேட்டால் மூன்றாம் சுற்று. அறத்துப்பாலில் 38 அதிகாரங்கள், பீடம் 38 அடி. பொருளுக்கு 70, இன்பத்துக்கு 25, கூட்டினால் 95. சிலை 95 அடி. அறத்தின் மேல் பொருளும் இன்பமும் நிற்கின்றன. திறந்துவைத்தது 2000 ஜனவரி 1.

இரண்டு அணிகள் சமமாக வந்தால்?

சரியான விடை சொல்ல வேண்டாம், கிட்டத்தட்டச் சொன்னால் போதும் என்று ஒரு கேள்வி கேட்பேன். "1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலம் எவ்வளவு நீளம்?" இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். யார் நெருங்கி வருகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஊகிப்பதும் ஓர் அறிவுதான்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இது உதவுமா?

உதவும், ஆனால் இது மட்டும் போதாது. குரூப் 4 எழுதுகிறவர்களுக்கு ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை சமச்சீர்ப் பாடநூல்கள்தான் அடிப்படை. இங்கே இருப்பது, அங்கே படித்தவை ஒன்றோடொன்று எங்கே சேர்கின்றன என்று பார்க்கும் பயிற்சி.

## நான்காம் சுற்று: கோத்துப் பார்

ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடம். தாளும் பென்சிலும் உண்டு.

சதுரங்கப் பலகையில் மொத்தம் எத்தனை சதுரங்கள்?

64 என்றால் சின்னக் கட்டங்களை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். நான்கு கட்டம் சேர்ந்தும் ஒரு சதுரம், ஒன்பது சேர்ந்தும் ஒரு சதுரம். இரண்டுக்கு இரண்டு சதுரத்தை ஒரு வரிசையில் ஏழு இடத்தில் வைக்கலாம், அப்படி ஏழு வரிசை, ஆக 49. மூன்றுக்கு மூன்று 36. இப்படியே போனால் 64, 49, 36, 25, 16, 9, 4, 1. கூட்டினால் 204.

சென்னையில் சூரியன் உதித்து எத்தனை நிமிடம் கழித்துக் கோவையில் உதிக்கும்?

ஏறக்குறைய 13 நிமிடம்.

பூமி 360 டிகிரி சுற்ற 24 மணி நேரம், அதாவது 1,440 நிமிடம். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். சென்னை கிழக்குத் தீர்க்கரேகை 80.3 டிகிரியை ஒட்டி இருக்கிறது, கோவை 77-ஐ ஒட்டி. வித்தியாசம் 3.3 டிகிரி. நான்கால் பெருக்கினால் 13. அட்சரேகையாலும் பருவத்தாலும் நான்கு நிமிடம் வரை முன்பின் ஆகலாம்.

இதே கணக்கைப் பெரிதாக்கலாம். குஜராத்தின் மேற்கு ஓரம் 68 டிகிரி, அருணாச்சலத்தின் கிழக்கு ஓரம் 97 டிகிரி. 29 டிகிரி வித்தியாசம், 116 நிமிடம். ஒரே நாட்டுக்குள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்! ஆனாலும் கடிகாரம் ஒன்றுதான், ஏனென்றால் நாட்டின் நடுவாக, மிர்சாபூருக்குப் பக்கத்தில் போகும் 82.5 டிகிரிக் கோட்டை வைத்து நேரம் குறிக்கிறோம். 82.5-ஐ 4-ஆல் பெருக்குங்கள், 330 நிமிடம். அதுதான் கிரீன்விச்சைவிட நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதன் கணக்கு. இந்த ஐந்தரையை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், பெருக்கிப் பார்த்ததும் பென்சிலை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "இது இங்கேருந்துதான் வருதா சார்?" என்றான்.

பூமியில் கிடைப்பதற்கு முன்பே சூரியனில் கண்டறியப்பட்ட தனிமம் எது? அதற்கும் குண்டூருக்கும் என்ன தொடர்பு?

ஹீலியம். கிரேக்கத்தில் "ஹீலியோஸ்" என்றால் சூரியன். பெயர் தெரிந்தவர்கள் முதல் பாதியை ஊகித்துவிடுவார்கள்.

இரண்டாம் பாதிக்கு 1868-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 18-இல் முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவைக் கடந்து போனது. அதைப் பார்க்கவே பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த வானியலாளர் ழான்சென், குண்டூரில் தம் கருவிகளை வைத்தார். மதராஸ் வான்காணகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் காத்திருந்தார். நிலா சூரியனை முழுக்க மறைத்ததும், விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய நிறக்கோடுகள் உண்டு, கைரேகை மாதிரி. அந்த நிறமாலையில் சோடியத்தின் கோட்டுக்குப் பக்கத்தில், ஆனால் அதோடு பொருந்தாமல், ஒரு மஞ்சள் கோடு இருந்தது.

ழான்செனுக்கு அந்தக் கோடுகளின் பிரகாசத்தைப் பார்த்து இன்னொன்று தோன்றியது: கிரகணம் இல்லாமலேயே இவற்றைப் பார்க்கலாமே! மறுநாள் காலையிலேயே குண்டூரில் பார்த்தும் விட்டார். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் வானியலாளர் லாக்கியரும் கிரகணம் இல்லாமல் பார்த்தார். பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தின் கோடும் இது அல்ல என்று சொன்னவர் லாக்கியர். பல வேதியியலாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 27 ஆண்டு கழித்து, 1895-இல், வில்லியம் ராம்சே யுரேனியம் கலந்த ஒரு கனிமத்திலிருந்து வந்த வாயுவில் அதே மஞ்சள் கோட்டைக் கண்டார். திருவிழாவில் பிள்ளைகள் நூல் கட்டிப் பிடித்துக்கொண்டு போகும் பலூனுக்குள் அடைக்கும் வாயுக்களில் அதுவும் ஒன்று.

எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தை அளக்கும் வேலை சென்னையில் எந்த இடத்தில் தொடங்கியது?

பரங்கிமலையில்.

மூன்றாம் சுற்றில் கேட்ட ரயில் பலகையை நினைவில் வைத்துக்கொண்டு இதற்கு வர வேண்டும். ஏற முடியாத ஒரு மலையின் உயரத்தை எப்படி அளப்பது? ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கத்தைப் புதிய முக்கோணத்தின் அடியாக வைத்து அடுத்ததைக் கணக்கிடலாம். இப்படியே முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாடு முழுக்கப் போகலாம். ஆனால் முதல் ஒரு பக்கத்தைத் தரையில் கையால் அளந்தே ஆக வேண்டும்.

அந்த முதல் கோட்டை வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1802 ஏப்ரல் 10-இல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அளக்கத் தொடங்கினார். சுமார் 12 கிலோமீட்டர். நூறு அடிச் சங்கிலியை ஏறக்குறைய 400 முறை வைத்து வைத்து அளந்தார்கள். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் வெப்பத்தையும் குறித்துக்கொண்டே போனார்கள். சித்திரை வெயிலில் சென்னையில் இதைச் செய்ததை நினைத்துப் பாருங்கள்.

கோணம் அளக்க அவர் கொண்டுவந்த தியோடலைட் அரை டன் எடை. சமவெளியில் உயரமான இடம் வேண்டும், தஞ்சை வட்டாரத்தில் கோயிலை விட்டால் வேறு உயரம் ஏது? 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கியது. லாம்டன் அதைத் தூக்கியெறியவில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து பாகம் பாகமாகப் பிரித்து, வளைந்த வட்டத்தை நிமிர்த்தி, மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார்.

1823-இல் அவர் வேலையின் நடுவிலேயே இறந்துபோனார். பின்னால் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்டும் 1843-இல் ஓய்வு பெற்றார். முக்கோணங்கள் இமயத்தின் அடிவாரம் வரை போயிருந்தன. 1852-இல், "பதினைந்தாம் சிகரம்" என்று மட்டும் குறிக்கப்பட்ட ஒன்றின் கணக்கைப் போட்டவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளக் கணிதர். 1856-இல் வெளியான உயரம் 29,002 அடி. எவரெஸ்டின் பெயர் 1865-இல் வைக்கப்பட்டது.

2020-இல் நேபாளமும் சீனாவும் செயற்கைக்கோள் கருவிகளோடு உச்சியில் ஏறி அளந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். அதை அடியாக மாற்றச் சொல்லிப் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்தேன். 29,032 வந்தது. பழையதைக் கழித்தார்கள். முப்பது அடி. பின் வரிசையிலிருந்த பெண் ஒருத்தி நூலகத்தின் கூரையை அண்ணாந்து பார்த்து, "நம்ம லைப்ரரி மாடி உசரந்தான் சார்" என்றாள்.